எந்தக் கரப்பானைக் கொடுப்பது, டாக்டர்?

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 28. மணலி பக்கம் ஷிஃப்ட் வேலை. அம்மா, அக்கா, அக்காவின் மூன்று வயதுக் குழந்தையோடு முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறார். கடிதம் நீளமானது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விஷயங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

"இரண்டு மாதத்துக்கு முன்னால் பியர்டட் டிராகன் என்ற வெளிநாட்டு ஓணான் குட்டி ஒன்று வாங்கினேன். இப்போது அதற்கு நாலு மாதம் இருக்கும். முதலில் சூப்பர் வார்ம் என்ற புழுவை மட்டும் கொடுத்தேன். செலவு கட்டுப்படியாகவில்லை. எங்கள் தெருவில் ராத்திரி பத்து மணிக்கு மேல் சாக்கடை மூடி ஓரமாகக் கரப்பான் நிறைய வரும். அதைப் பிடித்துத் தண்ணீரில் அலசி, ஒரு வாரம் டப்பாவில் காரட் போட்டு வைத்துவிட்டுக் கொடுத்தேன். ஆசையாகத் தின்றது. நம்மூர் ஓணான் எல்லாப் பூச்சியும் தின்கிறதே, இதற்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். கால்சியத்துக்கு அம்மாவின் மாத்திரையை நுணுக்கித் தூவுகிறேன். கண்ணாடித் தொட்டிக்கு மேலே மஞ்சள் பல்பு இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி வழியாகக் காலை வெயிலும் விழுகிறது. நண்பன் ஒருவன் 'டூபியா கரப்பான் வாங்கி நீயே வளர்த்துக்கொள், முட்டை அட்டையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் போதும்' என்கிறான். அம்மாவோ, 'இருக்கிற கரப்பானை ஒழிக்கவே மருந்து வாங்கிட்டிருக்கோம், நீ காசு குடுத்து வாங்கி வளர்க்கப் போறியா?' என்று சண்டை போடுகிறார். அவருக்கு இளைப்பு உண்டு, இன்ஹேலர் எடுக்கிறார். ஹவுஸ் ஓனருக்குத் தெரிந்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வாரோ என்ற பயமும் இருக்கிறது. தப்பித்துப் போனால் தெருவெல்லாம் பரவிவிடுமா? எந்தக் கரப்பான் நல்லது? ஒரு வாரமாகக் குட்டியின் பின்னங்கால் விரல்கள் அப்பப்போ துடிக்கின்றன, அது எதனால் என்றும் சொல்லுங்கள்."

தம்பி, கடைசி வரியில் போகிற போக்கில் நீங்கள் எழுதியதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கரப்பான் எதுவாக இருந்தாலும் பத்து நாள் தாமதிக்கலாம். அந்த விரல் துடிப்பு தாமதிக்கக் கூடியதல்ல.

விரல் ஏன் துடிக்கிறது

ரத்தத்தில் கால்சியம் குறையும்போது தசை தன் கட்டுப்பாட்டில் நிற்காது. முதலில் விரல் நுனி, பிறகு கால், கடைசியில் உடம்பே உதறும். அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி எடுக்கும். வளர்கிற குட்டிக்கு எலும்பே இப்போதுதான் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது, அதிலிருந்தே எடுத்தால் என்ன மிஞ்சும்? என் மேசைக்கு வந்த ஒரு குட்டியின் கீழ்த்தாடையை விரல் நுனியால் மெதுவாக அழுத்தினேன். எலும்பு போல எதிர்த்து நிற்க வேண்டிய தாடை, பென்சில் அழிக்கும் ரப்பர் மாதிரி வளைந்தது. தூக்கிக்கொண்டு வந்த பையன், "நல்லாத்தான் சார் சாப்பிடுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அது உண்மைதான். சாப்பிட்டுக்கொண்டேதான் இந்த நோய் வளர்கிறது.

உங்கள் குட்டிக்கு இது உறுதி என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் கடிதத்தில் நீங்கள் விவரித்திருக்கும் அமைப்பில் இது வருவதற்கான எல்லாக் காரணமும் இருக்கிறது. மஞ்சள் பல்பு வெப்பம் தரும், புற ஊதா பி கதிர் தராது. ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும், அந்தக் கதிரைத் தடுத்துவிடும். அந்தக் கதிர் தோலில் நேராகப் பட்டால்தான் டிராகனின் உடம்பில் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இருந்தால்தான் குடல் கால்சியத்தை உறிஞ்சும். ஆக, இரண்டு மாதமாக நீங்கள் தூவிய கால்சியத்தில் பெரும்பகுதி உள்ளே போய் அப்படியே வெளியே வந்திருக்கலாம்.

மாத்திரையை நிறுத்திவிடுங்கள். மனிதர்களுக்கான கால்சியம் மாத்திரைகளில் பெரும்பாலும் டி3-யும் சேர்ந்திருக்கும். அறுபது கிலோ ஆளுக்கு அளந்தது அது. நூறு கிராம் கூட இல்லாத குட்டிக்கு ஒரு சிட்டிகையில் எவ்வளவு போகிறது என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. டி3 உடம்பில் தேங்கும், மிஞ்சினால் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாயிலும் சுண்ணாம்பு படியும். கடையில் நாய்க்குட்டிக்கென்று தரும் கால்சியம் டானிக்கும் வேண்டாம். அதில் பாஸ்பரஸ் சேர்ந்திருக்கும். பூச்சியிலேயே பாஸ்பரஸ் அதிகம், குறைவது கால்சியம்தான். பாஸ்பரஸ் கலக்காத கால்சியம் கார்பனேட் பொடி, ஊர்வனவற்றுக்கென்று விற்பது, மாவு போல நைசாக இருப்பது, அதை வாங்குங்கள்.

அந்தப் புற ஊதா பி கதிரைத் தரும் யுவிபி டியூப் வாங்கி மாட்டும்வரை மொட்டை மாடி வெயில் இருக்கிறது. காசு கேட்காத மருந்து அது. காலை எட்டு மணி வாக்கில் கம்பி வலைக் கூண்டில் வைத்து இருபது நிமிடம் காட்டுங்கள். கண்ணாடித் தொட்டியில் வைத்து வெயிலில் வைக்கவே கூடாது, சில நிமிடங்களில் உள்ளே வெந்துவிடும். கூண்டில் பாதி நிழலாக இருக்கட்டும். வாயைத் திறந்துகொண்டே நிழலுக்கு ஓடினால் உடனே கீழே கொண்டுவந்துவிடுங்கள். ஏப்ரல், மே என்றால் நேரத்தை இன்னும் முன்னால் தள்ளிக் குறைத்துக்கொள்ளுங்கள். கூடவே நீங்கள் நிற்க வேண்டும். நம் பகுதியில் காக்கையும் பருந்தும் எவ்வளவு துணிச்சல் என்று காசிமேட்டுப் பக்கம் மீன் வாங்கப் போன யாருக்கும் தெரியும்.

சாக்கடைக் கரப்பான் ஏன் வேண்டாம்

நம்மூர் ஓணான் எல்லாம் தின்கிறதே என்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஓணான் சாக்கடையில் வேட்டையாடுவதில்லை. செடியிலும் வேலியிலும் வெயில் காய்ந்துகொண்டு, அங்கே வருவதைத்தான் பிடிக்கிறது. உங்கள் டிராகனின் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட நிலம். சென்னைச் சாக்கடையின் கிருமிகளோடு அதற்குப் பரம்பரைப் பழக்கம் எதுவும் இல்லை.

அழுக்கைக்கூட இரண்டாவதாகத்தான் வைப்பேன். முதல் பயம் விஷம். வீட்டுக்கு வீடு கரப்பானுக்கு ஜெல் வைக்கிறார்கள், சாக்பீஸ் மருந்து கிழிக்கிறார்கள், ஸ்ப்ரே அடிக்கிறார்கள். மழை முடிந்தால் மாநகராட்சி கொசுவுக்குப் புகை போடுகிறது. இதில் ஜெல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தின்ற கரப்பான் அங்கேயே செத்து விழக் கூடாது என்றுதான் அதைத் தயாரிக்கிறார்கள். தின்றது நடந்தே தன் இடுக்குக்குத் திரும்ப வேண்டும், அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்று மற்றவையும் சாக வேண்டும். அதாவது, ராத்திரி உங்கள் கையில் துள்ளிக்கொண்டு சிக்கிய கரப்பான் அன்று மாலைதான் எதிர்வீட்டு ஜெல்லைத் தின்றிருக்கலாம். தண்ணீரில் அலசினால் மேலே இருக்கும் சேறு போகும். வயிற்றில் இருப்பது போகாது. ஒரு வாரம் காரட் போட்டு வைத்ததால் செத்தது போக மிச்சம் பிழைத்தது என்று நினைக்கிறீர்கள். கொல்லாத அளவு விஷம் உள்ளே இருந்தாலும் அது பிழைக்கும். அப்படிப்பட்ட இருபதைத் தின்றால் உங்கள் குட்டி பிழைக்குமா என்பதுதான் கேள்வி.

அதற்கப்புறம்தான் கிருமி. சால்மொனெல்லாவையும், ஊர்வனவற்றின் குடலைக் கெடுக்கும் காக்சிடியா போன்ற ஒட்டுண்ணி முட்டைகளையும் கரப்பான் காலிலும் குடலிலும் சுமந்து வரும். இதுவரை கொடுத்துவிட்டீர்கள், பதற வேண்டாம். மலத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும், பெரும்பாலானவற்றுக்கு மருந்தும் உண்டு. இன்று முதல் நிறுத்தினால் போதும்.

சூப்பர் வார்ம் பற்றி ஒரு வார்த்தை. வயிற்றை ஓட்டை போட்டு வெளியே வரும் என்று சிலர் பயமுறுத்துவார்கள், அதில் உண்மை இல்லை. ஆனால் அதில் கொழுப்பு அதிகம். வளர்ந்த டிராகனுக்கு எப்போதாவது ஒன்றிரண்டு கொடுக்கலாம், நாலு மாதக் குட்டிக்கு அதுவே சாப்பாடாக இருக்கக் கூடாது.

டூபியா என்று கொடுப்பது டூபியாதானா

தீனிக்கென்று வளர்க்கும் கரப்பான்களில் நான் டூபியாவைத்தான் சொல்வேன். தென் அமெரிக்கப் பூச்சி. மெதுவாக நகரும், வாடை குறைவு, தீனிக்கு விற்கும் கிரிக்கெட் பூச்சி மாதிரி ராத்திரி முழுக்கக் கத்தாது. மிருதுவான உடம்பு, புரதம் நல்ல அளவில் உண்டு, கொழுப்பு சூப்பர் வார்மைவிடக் குறைவு. வழவழப்பான பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் ஏற முடியாது. ஆணுக்குச் சிறகு உண்டு, ஆனால் பறக்கும் என்று சொல்ல முடியாது, மேலிருந்து விழும்போது சற்றுச் சறுக்கி இறங்கும், அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், கொளத்தூர் மீன் கடைகளிலும் பிராட்வே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் எல்லாவற்றையும் மொத்தமாக 'ஃபீடர்' என்று ஒரே பெயரில் கொடுத்துவிடுவார்கள். விற்பவருக்கே வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். வாங்குமுன் நீங்களே பாருங்கள். டூபியா குஞ்சு புளியங்கொட்டை மாதிரி இருக்கும்: தட்டை, முட்டை வடிவம், பழுப்பில் புள்ளி. ஒரு எவர்சில்வர் டம்ளரில் நாலைந்தைப் போட்டு ஓரமாக வைத்துவிட்டுக் கவனியுங்கள். டூபியா சுவரில் காலை வைத்து வைத்து வழுக்கி, கடைசியில் அடியில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒடுங்கிக்கொள்ளும். கிடுகிடுவென்று விளிம்புக்கு ஏறி மீசையை வெளியே நீட்டினால் அது லாப்ஸ்டர் கரப்பானாகவோ நம் வீட்டுக் கரப்பானாகவோ இருக்கும், வாங்காதீர்கள். ஏறாது, ஆனால் அடியில் சுற்றிச் சுற்றிப் பாய்ந்தோடுகிறது, உடம்பு ஒல்லி, முன்பாதி செம்பழுப்பு என்றால் அது ரெட் ரன்னர். துர்கிஸ்தான் கரப்பான் என்பதும் அதுதான்.

ரெட் ரன்னரைச் சிலர் சிபாரிசு செய்வார்கள், டிராகன் அதைத் துரத்தித் துரத்தித் தின்னும், பார்க்க நன்றாக இருக்கும் என்று. சென்னையில் அதை வீட்டுக்குள் விடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டூபியா குட்டி போடும், அது முட்டைக்கூடு போடும். ஒரு கூடு உங்கள் கட்டில் இடுக்கில் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. 1970-களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் தென்பட்ட அந்தப் பூச்சி, இன்று அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதி முழுக்கத் தெருக்கரப்பானாகத் திரிகிறது. வறண்ட ஊர் அது. நம் ஊரில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

வாங்கும்போது அளவையும் பாருங்கள். டிராகனின் இரண்டு கண்ணுக்கும் நடுவே உள்ள அகலத்தைவிடப் பூச்சி பெரிதாக இருக்கக் கூடாது. உங்கள் குட்டிக்கு ஒரு சென்டிமீட்டர், கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பெரியதாக வாங்கினால் எண்ணிக்கை குறைவாகப் போதும் என்று கணக்குப் போட்டுப் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய பூச்சி, போதாத வெப்பம், இரண்டும் சேர்ந்தால் குடலில் அடைத்துக்கொள்ளும். வெயில் காயும் இடத்தில் நாற்பது டிகிரி வாக்கில் இருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் முப்பதுக்குக் கீழே. கையை வைத்துப் பார்த்துச் சொல்லாதீர்கள், தெர்மாமீட்டர் வைத்து அளந்து பாருங்கள்.

கரப்பான் தின்பதைத்தான் டிராகன் தின்கிறது

எந்தக் கரப்பான் என்று நீங்கள் கேட்டதில் பாதி பதில் இதில்தான் இருக்கிறது. நல்ல டூபியாவையே முட்டை அட்டையில் பட்டினி போட்டு வைத்திருந்து கொடுத்தால், டிராகன் தின்பது வெறும் தோலைத்தான். கொடுப்பதற்கு ஒரு நாள், இரண்டு நாள் முன்பிருந்து அதற்கு நல்ல தீனி போடுங்கள். முருங்கைக்கீரை, கறிவேப்பிலை இரண்டிலும் கால்சியம் நிறைய. கூடவே காரட், பரங்கிக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மார்க்கெட்டில் வாங்கிய கீரை என்றால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், பூச்சிமருந்து கரப்பானையும் கொல்லும், டிராகனையும் விடாது. பக்கத்து வீட்டு முருங்கையிலிருந்து ஒரு கொத்து கிடைத்தால் அதுதான் உத்தமம்.

பூனைத் தீனி, நாய்த் தீனி போட்டால் கரப்பான் சீக்கிரம் கொழுக்கும் என்று உங்கள் நண்பர் சொல்லக்கூடும். கொழுக்கும், உண்மை. ஆனால் கரப்பான் தனக்கு மிஞ்சிய புரதத்தின் கழிவை முழுக்க வெளியேற்றாமல் யூரிக் அமிலமாக உடம்புக் கொழுப்பிலேயே சேமித்து வைக்கிற பிராணி. அதைத் தினமும் தின்னும் டிராகனுக்கு மூட்டிலும் சிறுநீரகத்திலும் யூரிக் அமிலம் படியும் நோய் வரலாம் என்பதால் அந்தத் தீனியை நான் தவிர்க்கச் சொல்வேன்.

தூவுவது எப்படி என்று பலர் கேட்பதில்லை, கேட்டால் நல்லது. மூடியுள்ள சின்ன டப்பாவில் ஒரு வேளைக்கான பூச்சிகளைப் போட்டு, கால்சியம் பொடியை ஒரு சிட்டிகை இட்டு, மூடி, மெதுவாக இரண்டு சுழற்று சுழற்றுங்கள். பூச்சி லேசாக வெளுத்திருக்க வேண்டும், விபூதி பூசிய மாதிரி அப்பியிருக்கக் கூடாது. டூபியா அப்படியே பதுங்கி நிற்கும், நகராத பூச்சி டிராகன் கண்ணில் படாது, மண்ணுக்குள் புகுந்தும் கொள்ளும். அதனால் வழவழப்பான கிண்ணத்தில் போட்டுக் கொடுங்கள், அல்லது இடுக்கியால் பிடித்துக் காட்டுங்கள். பத்து நிமிடத்தில் தின்றது தின்றதுதான். மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். இந்த வயதுக்கு நாளைக்கு இரண்டு வேளை. வாரத்தில் ஐந்து நாள் வெறும் கால்சியம், ஒரு நாள் வைட்டமின் கலந்த பொடி. குட்டியைப் பரிசோதித்த டாக்டர் வேறு அளவு சொன்னால் அதைத்தான் கேட்க வேண்டும்.

பக்கத்திலேயே தினமும் கொஞ்சம் பச்சை வையுங்கள், தின்னாவிட்டாலும் வையுங்கள். முருங்கை, பொடியாக நறுக்கிய பரங்கி, செம்பருத்திப் பூ, மல்பெரி இலை. பாலக், அரைக்கீரை, சிறுகீரை தினசரி வேண்டாம். அவற்றில் உள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, அக்கா குழந்தைக்கு வேடிக்கை காட்டப் பிடிக்கிற மின்மினிப் பூச்சி கூண்டுப் பக்கம் போகவே கூடாது. அதில் டிராகனைக் கொல்லக்கூடிய நச்சு உண்டு.

வீட்டில் வளர்க்கலாமா

உங்கள் நண்பரின் யோசனை கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் குட்டிக்கு நாளைக்குப் பதினைந்து, இருபது சின்னப் பூச்சி என்றால் வாரத்துக்கு நூறிலிருந்து நூற்றைம்பது. இன்று நீங்கள் டூபியா வாங்கி வளர்க்கத் தொடங்கினால், ஒரு பெண் ஒரு ஈற்றில் இருபது, முப்பது குஞ்சு போடும். அந்தக் குஞ்சு வளர்ந்து தானும் குட்டி போடும் பருவத்துக்கு வர நாலைந்து மாதம் ஆகும். அதுவரை டப்பாவிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தால் கூட்டம் பெருகாது. பெருகி நிற்கும் நேரத்தில் உங்கள் டிராகனுக்கு ஒரு வயது நெருங்கியிருக்கும். வளர்ந்த டிராகனின் சாப்பாட்டில் முக்கால்வாசி பச்சைதான், பூச்சி வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் போதும். தீனி தேவைப்படும்போது டப்பா காலி, தேவை குறையும்போது டப்பா வழியும். ஒரே ஒரு டிராகன் வைத்திருப்பவருக்கு இந்த வளர்ப்பு லாபமில்லை.

அம்மாவின் இளைப்பு அதைவிடப் பெரிய காரணம். கரப்பானின் எச்சமும் உரித்த தோலும் காய்ந்து தூசியாகும். ஆஸ்துமாவைத் தூண்டும் பொருள்களில் அது ஊரறிந்தது. டூபியா சுத்தமான பூச்சி என்பார்கள். கிருமி விஷயத்தில் சரி, ஒவ்வாமை விஷயத்தில் சுத்தத்துக்கு வேலையில்லை, தூசி தூசிதான். பல வருடம் வளர்ப்பவர்களுக்கே டப்பாவைத் திறந்தால் தும்மலும் கண் அரிப்பும் வருவதுண்டு. அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இறால் சாப்பிட்டால் நமைச்சல், தடிப்பு வருமா? இறாலின் தசையில் உள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதமும் கரப்பானில் உள்ளதும் ஏறக்குறைய ஒரே சாயல், ஒன்றுக்கு ஒவ்வாத உடம்பு இன்னொன்றுக்கும் ஒவ்வாமல் போகலாம். 'வரும்' என்றால், அவரைப் பார்க்கும் டாக்டரிடம் இந்தப் பூச்சி விஷயத்தைச் சொல்லாமல் ஒரு பூச்சிகூட வீட்டுக்குள் வர வேண்டாம். அம்மா போடுவது வெறும் அருவருப்புச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆகவே என் யோசனை இது. வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். மூடியில் மெல்லிய உலோக வலை வைத்த, கிளிப் போட்ட சின்ன டப்பா. வீட்டுக்குள் வேண்டாம், மழையும் வெயிலும் படாத மாடிப்படி ஓரமோ பால்கனியோ போதும். ஹீட்டர் எதுவும் தேவையில்லை, நம் ஊர் வெப்பமே அதற்குத் தாராளம். டப்பாவைச் சுத்தம் செய்வது வெளியே, முகக்கவசத்தோடு, அம்மா இல்லாத நேரத்தில். பாதிப் பூச்சிக்குப் பதிலாக பிஎஸ்எஃப் புழு (பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழு) கொடுத்தால் டப்பாவும் சிறுக்கும். அந்தப் புழுவில் இயற்கையாகவே கால்சியம் கூடுதல். ஆனால் எதைப் போட்டு வளர்த்தது என்று கேட்டு வாங்குங்கள், கோழிக்கு விற்பதற்காகக் குப்பையில் வளர்த்தது வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து பட்டுப்புழு வாங்க வழி இருந்தால் அதுவும் அருமையான தீனி.

தப்பித்தால் பரவுமா

'அறை வெப்பத்தில் டூபியா பெருகாது, பயப்படாதீர்கள்' என்று படித்திருப்பீர்கள். அது குளிர் நாட்டு அறை. வியாசர்பாடியில் வருடத்தில் பாதி நாள் அறையே முப்பது டிகிரிக்கு மேல். வெக்கையும் ஈரமும் நிறைந்த புளோரிடா மாநிலத்தில் டூபியாவுக்குத் தடை இருக்கிறது, அங்குள்ளவர்கள் டிஸ்காய்ட் என்ற வேறு கரப்பானைத்தான் தீனிக்கு வளர்க்கிறார்கள். அதனால் உங்கள் பயத்தை அசட்டுப் பயம் என்று தள்ள மாட்டேன். கண்ணாடியில் ஏறாத டூபியா சொரசொரப்பான சுவரிலும் மரத்திலும் துணியிலும் ஏறும். ஒன்றிரண்டு ஓடிப்போனால் வீடு நிறைந்துவிடாது, அதன் பெருக்கம் அத்தனை வேகமல்ல. வேண்டுமென்றே வெளியே விடுவதுதான் கூடாது.

டப்பாவில் சேரும் எச்சத்தை அப்படியே குப்பையில் கொட்டாதீர்கள். எறும்பளவு குஞ்சுகள் அதில் கலந்திருக்கும். வாளியில் போட்டுக் கொதிக்கும் வெந்நீரை ஊற்றி, ஆறியபின் கொட்டுங்கள். செத்த பூச்சிக்கும் வேண்டாத பூச்சிக்கும் அதே முறைதான். டப்பாவைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் தண்ணீர் எப்படி நின்றது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மிதந்து கவிழ்ந்த ஒரு டப்பா போதும், மழைநீர்க் கால்வாய் முழுக்க அதன் வழிதான்.

ஓனரும் சட்டமும்

ஓனரிடம் மறைக்காதீர்கள். வாடகை ஒப்பந்தத்தில் வளர்ப்புப் பிராணி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். ஒன்றும் எழுதியிருக்காவிட்டால், நூறு பூச்சி உள்ள மூடிய டப்பா ஒன்றைக் காட்டி நீங்களே சொல்லிவிடுவது நல்லது. ஆயிரம் பூச்சியை மறைத்து வைத்து மாட்டிக்கொண்டால், பிறகு அந்தக் கட்டடத்தில் எங்கே கரப்பான் தெரிந்தாலும் உங்கள் பெயர்தான் அடிபடும்.

டிராகனை வாங்கிய பில் இருக்கிறதா? இல்லையென்றால் விற்றவரிடம் இப்போதே எழுதி வாங்குங்கள். 2022-இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அருகிவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-இல் விதிகளும் வந்தன, பதிவு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில். பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதால் உங்கள் டிராகனின் நிலை என்ன என்று வனத்துறையின் வனவிலங்குக் காப்பாளர் அலுவலகத்தில் ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பூச்சியை வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். உயிருள்ள பூச்சிக்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

அக்கா குழந்தை டிராகனைத் தொட வேண்டாம், ஐந்து வயது தாண்டட்டும். ஆரோக்கியமான டிராகனின் குடலிலும் சால்மொனெல்லா இருக்கும். நீங்கள் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அதன் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், அடுத்த ஷிஃப்ட் விடுமுறைக்குக் காத்திருக்காமல் இந்த இரண்டு மூன்று நாளுக்குள் குட்டியை ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். உங்களுக்குப் பக்கம் வேப்பேரி. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்குக் காலை புறநோயாளி நேரத்திலேயே போய்விடுங்கள். எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும், தேவைப்பட்டால் கால்சியம் மருந்தை எடைக்குத் தக்க அளந்து கொடுப்பார்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து, கால் அழுந்தாமல் வைத்து எடுத்துப் போங்கள். ஆட்டோ குலுக்கலில் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த எலும்பு இப்போது எதற்கும் முறியக்கூடியது. அன்று காலை அது போட்ட மலத்தைச் சின்ன டப்பாவில் ஈரம் காயாமல் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் மாத்திரை அட்டை, பல்பின் உறை இரண்டையும் கூடவே காட்டுங்கள். சாக்கடைக் கரப்பான் கொடுத்ததை மறைக்காமல், எத்தனை நாள், கடைசியாக எப்போது என்று சொல்லுங்கள். டாக்டர் திட்டுவார் என்று நினைத்து அந்த ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்.